குடும்ப வானின் பிரேக் ஏன் காலத்துக்கு முன் தேய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் வேலை செய்பவன் என்ற முறையில், டவுன்ஏஸ், லைட்ஏஸ், வனெற், டொல்பின் என்று நாம் அழைக்கும் ஹைஏஸ், அண்மைக்காலத்து எவ்ரி முதலான குடும்ப வான்களின் பிரேக் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வன்னியின், அதாவது வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வீதிகளையும் புழுதியையும் மாரியையும் மனத்தில் வைத்து எழுதியதால், மலைநாட்டில் வான் ஓட்டுபவருக்குச் சில பகுதிகள் பொருந்தாமல் போகலாம்.

பிரேக் பாட்கள் எத்தனை கிலோமீற்றர் ஓட வேண்டும்? எப்போது அவை முன்கூட்டியே தேய்ந்துவிட்டன என்று சொல்லலாம்?

பிரேக்கை மிதிக்கும்போது, சில்லோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகளே பாட்கள். எல்லா வான்களுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. முன் சில்லுகளின் பாட்கள் 30,000 கிலோமீற்றருக்கும் 60,000 கிலோமீற்றருக்கும் இடையில் எங்கேயாவது முடிந்தால் அதை வழக்கமானது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். புதிய பாட் ஒன்றில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை தடித்திருக்கும். அது 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. அந்தத் தடிப்பு 15,000 கிலோமீற்றருக்குள் கரைந்துபோனால் ஏதோ பிழை இருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டும். கிலோமீற்றர் கணக்கைவிட முக்கியமானது தேய்வின் சமன்: இரண்டு முன் சில்லுகளின் நான்கு பாட்களும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் ஓட்டத்திலும் பாரத்திலும் இருக்கும், ஒன்று மட்டும் முந்திக்கொண்டு தேய்ந்திருந்தால் காரணம் அந்தச் சில்லில் இருக்கும்.

வன்னி சமதரை. மலையும் இல்லை, வளைந்திறங்கும் பாதையும் இல்லை. அப்படியிருக்க இங்கே பிரேக் ஏன் தேய வேண்டும்?

மற்ற எல்லாப் பதில்களும் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. கண்டியிலோ நுவரெலியாவிலோ பிரேக் தேய்ந்தால் இறக்கத்தைக் குறை சொல்லலாம். மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரை நேராகக் கிடக்கும் வீதியில் ஓடும் வான் பிரேக்கைத் தின்கிறது என்றால், அது பெரும்பாலும் சாரதி மிதித்ததால் தேய்ந்த பிரேக் அல்ல, மிதித்துவிட்ட பிறகும் விடாமல் பற்றிக்கொண்டிருந்ததால் தேய்ந்த பிரேக். சாரதி கால் எடுத்த பிறகும் பாட் டிஸ்க்கை மெல்ல உரசிக்கொண்டே போகிறது; நாள் முழுவதும் உரசும் அந்த உரசல், ஓரிரு தடவை கட்டாக்காலி மாடுகளுக்காக அடித்துப் பிடிக்கும் பிரேக்கைவிடக் கூடுதலாகத் தின்றுவிடுகிறது.

பிரேக் விடாமல் பற்றுவதற்கு இங்கே கறள், கிரவல் புழுதி, சேற்றுநீர், உப்புக்காற்று ஆகியவற்றோடு ஐந்தாவதாகக் கவனிப்பின்மையும் சேர்கிறது. ஏ9 காப்பெற் வீதியாகிவிட்டாலும், அதிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் கடைசிக் கிலோமீற்றர்கள் பலருக்கு இன்னும் கிரவல்தான். அந்தச் சிவப்புப் புழுதி மாரி நீரோடு குழைந்து, பாட்களைத் தாங்கி அழுத்தும் கலிப்பருக்குள் போய்க் காய்ந்தால், செங்கல் போல இறுகிவிடும்.

எந்தச் சில்லு பற்றிக்கொண்டிருக்கிறது என்று கராஜுக்குப் போகாமலே அறிய முடியுமா?

முடியும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லோரும் வாகனத்தை நிறுத்தித்தானே போகிறோம். அடுத்த முறை வவுனியாவிலிருந்து வரும்போது, கோயிலுக்கு அரைக் கிலோமீற்றர் முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் வானை உருளவிட்டு நிறுத்துங்கள். மற்றவர்கள் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கும் நேரத்தில், நீங்கள் வானைச் சுற்றி நடந்து, புறங்கையை ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகில் பிடித்துப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடக் கூடாது, தோல் வெந்துவிடும். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓடி வந்த வானில் நான்கு சில்லுகளும் இளஞ்சூடாக இருக்க வேண்டும்; முன்னிரண்டு சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் அனல் வீசினால், அல்லது கருகிய மணம் வந்தால், அதுதான் பற்றிக்கொண்டிருக்கும் சில்லு.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொரு சோதனை, சமதரையில் மற்றச் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, ஜக் போட்டுச் சந்தேகச் சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றுவது. மெல்லிய உரசல் சத்தம் கேட்பது பிழையல்ல. ஆனால் கையை எடுத்ததும் சில்லு உடனே நின்றுவிட்டால் பிரேக் விடவில்லை என்று பொருள்.

உள்பக்கப் பாட் முழுதாகத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கப் பாட் புதிது போல இருக்கிறது. இது எப்படி?

சென்ற மாரிக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த வான் ஒன்றின் இடது முன்சில்லைக் கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன். இரண்டு பாட்களையும் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றில் அருகருகே வைத்தோம். உள்பக்கத்தில் இருந்ததில் 2 மில்லிமீற்றர்கூட மிச்சமில்லை, வெளிப்பக்கத்தில் இருந்ததில் 8 மில்லிமீற்றர் இருந்தது. கலிப்பரைத் தாங்கும் இரண்டு வழுக்குப் பின்களில் மேலே உள்ளது விரலால் தள்ளியதும் ஓடியது. கீழே உள்ளது அசையவே இல்லை. ஸ்பானரைப் போட்டுத் திருகித் திருகி வெளியே எடுத்தபோது, கிறீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த மண்ணும் கறளும் சேர்ந்த பசை இருந்தது. அதன் றப்பர் உறையில் நகம் நுழையும் அளவு வெடிப்பு. அந்த வெடிப்பே அவ்வளவுக்கும் காரணம்.

பெரும்பாலான வான்களின் முன் கலிப்பர், பின்களில் வழுக்கி நகரும் வகையைச் சேர்ந்தது. பிரேக்கை மிதிக்கும்போது, ஒயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் என்ற உருளை உள்பக்கப் பாட்டைத் தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் கலிப்பர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பாட்டையும் டிஸ்க்கில் அழுத்துகிறது. வழுக்குப் பின் இறுகிவிட்டால் கலிப்பர் நகராது, வேலை முழுவதும் உள்பக்கத்தின் தலையில் விழும். பாட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் ஆப்புப் போலத் தேய்ந்திருந்தாலும் இறுகியிருப்பது ஒரு பின்னாகவே இருக்கும். வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், உள்ளே நகர்ந்த கலிப்பர் திரும்பி வரவில்லை என்று கொள்ளலாம்.

பின்கள் நன்றாக வழுக்கியும் உள்பக்கமே தேய்கிறது என்றால் பிஸ்டனைப் பாருங்கள். மிதியை விட்டதும் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியிருக்கும் சதுர றப்பர் வளையம். அந்த வளையம் பழையதாகிவிட்டாலோ, வெளி உறை கிழிந்து பிஸ்டனில் கறள் பிடித்துவிட்டாலோ, பிஸ்டன் போன இடத்திலேயே நின்றுவிடும்.

ஒரு சில்லில் இரண்டு பாட்களும் தேய்ந்திருக்கின்றன. பின்களும் பிஸ்டனும் சரி என்கிறார்கள். அடுத்து எதைப் பார்ப்பது?

கலிப்பருக்குப் பிரேக் ஒயில் கொண்டுபோகும் றப்பர்க் குழாய். வெளியே நல்ல குழாயாகத் தெரியும், உள்ளே சுவர் உரிந்து மடிந்து அடைப்புப் போல நிற்கும். மிதிக்கும் விசையில் ஒயில் அதைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வர விசை இல்லாததால் அங்கேயே தங்கிவிடும். சில்லு இறுகியிருக்கும் நேரத்தில் கலிப்பரின் காற்றெடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது, குற்றம் குழாயிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. விடுபடாவிட்டால் குற்றம் கலிப்பரிலேயே.

புதிய பாட் பூட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை, மீண்டும் முடிந்துவிட்டது. கராஜில் ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, அவசரப்பட்டிருக்கலாம். இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மறுநாள் விடிய மடு மாதா கோயிலுக்குப் போகவேண்டும் என்று மாலையில் வந்த ஒரு குடும்பத்தின் வானுக்குப் பாட் மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். வழுக்குப் பின்னை இழுத்துப் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் அதே சில்லு, அதே தேய்வு. இரண்டாம் தடவை பாட்களுக்கு நான் காசு வாங்கவில்லை, ஆனால் அந்த நான்கு மாதத்தில் டிஸ்க்கும் வாய்க்கால் விழுந்து போயிருந்தது.

ஆகையால் வேலை கொடுக்கும்போது, "பாட் மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், பின்களைக் கழற்றித் துடைத்துப் பிரேக்குக்கு உரிய கிறீஸ் பூசும்படியும், றப்பர் உறைகளைப் பார்க்கும்படியும் கேளுங்கள். சாதாரண கிறீஸ் பூச விடாதீர்கள். அது றப்பரை ஊதவைத்துப் பின்னை இன்னும் இறுக்கும். கழற்றிய பழைய பாட்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், எது எந்தச் சில்லில் எந்தப் பக்கம் இருந்தது என்று சோக்கட்டியால் குறித்துத் தரச் சொல்லுங்கள். வானின் நோய் அந்தப் பழைய பாட்களில்தான் எழுதியிருக்கிறது. அவற்றைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவது, இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கிழித்துவிட்டு மருந்து கேட்பது போன்றது.

பின்னால் ட்ரம் பிரேக் இருக்கிறது. அதில் தேய்வே இல்லை. முன்னால் மட்டும் வேகமாகத் தேய்வது நல்லதுதானே?

நல்லதல்ல. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை, ஏறத்தாழ 70 சதவீதத்தை, முன் சில்லுகள் செய்வது இயல்பு. ஆனால் எஞ்சிய பங்கைப் பின் சில்லுகள் செய்யாவிட்டால் அதுவும் முன்னால் வந்து சேரும். பின் ட்ரம்மில் ஆண்டுக்கணக்காகத் தேய்வே இல்லை என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொன்னால், அங்கே பிரேக்கே இல்லையோ என்று நான் சந்தேகிப்பேன்.

ட்ரம் என்பது சில்லோடு சுழலும் இரும்புச் சட்டி. அதற்குள் இருந்து அதை உராய்ந்து நிறுத்தும் லைனர் தேயத் தேய, இடைவெளியைத் தானாகக் குறைக்கும் ஒரு பல்சில்லு இருக்கிறது. பல வகை வான்களில் அது ஹான்ட் பிரேக்கை இழுக்கும்போதோ, பின்னோக்கி ஓடிப் பிரேக் பிடிக்கும்போதோ ஒவ்வொரு பல்லாக நகரும். சமதரையில் வாழும் நாம் ஹான்ட் பிரேக்கை மறந்து கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போகிறோம். பல்சில்லு ஓரிடத்தில் நின்று கறள் பிடிக்கிறது, மிதி தாழ்கிறது, முன் பாட்கள் கரைகின்றன. இதைவிடக் கெட்டது, மிதி தாழ்ந்ததைச் சரிசெய்ய ஹான்ட் பிரேக் கேபிளை இறுக்கிவிடுவது. அப்படி இறுக்கினால் பல்சில்லு வேலை செய்ய இடமில்லாமல் போவதோடு லைனரும் ட்ரம்மை உரசிக்கொண்டே ஓடும். முதலில் லைனரின் இடைவெளியைச் சரிசெய்து, அதன் பிறகே கேபிளைத் தொட வேண்டும்.

பாரம் ஏற்றும் வான்கள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வும் அதோடு இணைந்த கம்பியும் இருக்கும். பாரம் கூடிப் பின்பக்கம் தாழும்போது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அதன் வேலை. இறுகிப்போன அல்லது கம்பி கழன்றுபோன வால்வோடு ஓடும் வான்களை நான் அடிக்கடி காண்கிறேன், அவற்றின் உரிமையாளர்களில் பெரும்பாலானோருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் நிறைய ஆட்களை ஏற்றுவது தேய்வைக் கூட்டுமா?

கூட்டும், நினைப்பதைவிட அதிகமாக. சாரதியோடு 1,400 கிலோ இருக்கும் வானில் மேலும் ஒன்பது பேரும் இரண்டு நெல் மூட்டைகளும் ஏறினால் மொத்தம் 2,100 கிலோவுக்கு அருகில் வந்துவிடும், அதாவது ஒன்றரை மடங்கு. வேகத்தின் கணக்கோ வேறு: வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 60இலிருந்து நிறுத்துவதைவிட 80இலிருந்து நிறுத்துவதற்கு ஏறத்தாழ 1.8 மடங்கு ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நிறைபாரத்தோடு 80இல் போய்ப் பிரேக் பிடிக்கும் சாரதி, தனியாக 60இல் போகும் அதே சாரதியைவிட இரண்டரை மடங்குக்கும் மேலான வெப்பத்தை ஒவ்வொரு தடவையும் அந்த டிஸ்க்குகளில் கொட்டுகிறார். ஆட்களைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. வேகத்தையாவது குறைக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது. பாட் முடிந்துவிட்டதா?

இருக்கலாம். பல பாட்களில் சிறிய தகடு ஒன்று வைத்திருப்பார்கள், உராயும் பகுதி சுமார் 2 மில்லிமீற்றருக்கு வந்ததும் அது டிஸ்க்கில் தட்டிக் கத்தும். காலையில் பனிக்கு அல்லது மழைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் சத்தம் வந்து மறைந்தால், அது டிஸ்க்கின் மேற்கறள், விட்டுவிடலாம். கீச்சொலி கரகரப்பாக மாறிவிட்டால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன, அன்றே நிறுத்துங்கள்.

மாரியில் வெள்ளத்தினூடாகப் போக வேண்டியிருக்கிறது. கடற்கரைப் பக்கமும் அடிக்கடி போகிறேன். என்ன செய்யலாம்?

வெள்ளத்தைக் கடந்ததும், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓடிக்கொண்டே மிதியை மெல்ல நாலைந்து தடவை அழுத்தி ஈரத்தைக் காயவையுங்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பிரேக்கோடு நேரே தண்ணீருக்குள் இறங்காதீர்கள், டிஸ்க் கோணலாகக்கூடும். ட்ரம்முக்குள் போன சேறு தானாக வெளியே வராது. மழைக்காலம் முடிந்ததும் ட்ரம்மைக் கழற்றித் துப்புரவாக்கத்தான் வேண்டும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

முல்லைத்தீவு, நாயாறு, மன்னார், ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பக்கங்களில் உப்புக்காற்று கறளை விரைவுபடுத்தும். வானில் மீன்பெட்டி ஏற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் நேரே பின் அச்சிலும் ஹான்ட் பிரேக் கேபிளிலும்தான் விழுகிறது. நல்ல தண்ணீரால் அடியைக் கழுவ ஒரு வாளியும் பத்து நிமிடமும் போதும்.

பிரேக் ஒயிலுக்கும் பாட் தேய்வதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் சுற்றுவழியில். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அந்த ஈரம் பிஸ்டனையும், ட்ரம்முக்குள் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து கறளாக்கும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. டொட் 4இல் இந்த எண்கள் 230, 155. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள், மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றிக்கொண்டு வந்த வான் ஒன்றில் எல்லா றப்பர்களையும் மாற்ற வேண்டி வந்தது.

நான்கு சில்லுகளும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு, ஓட ஓட இன்னும் இறுகினால், மிதித்ததும் ஒயிலை எல்லாச் சில்லுகளுக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பிக்கு விட்டிருக்க வேண்டிய சிறு இடைவெளி இல்லாமல் போயிருக்கும்.

ஓட்டோ கியர் வான். இடது காலைப் பிரேக்கில் வைத்து ஓட்டலாமா?

கூடாது. இடது கால் களைத்ததும் மிதியில் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வுக்குப் பாட் விலை கொடுக்கும்.

வவுனியாவில் ஒரே வானுக்கு மூன்று விலையில் பாட் விற்கிறார்கள். எதை வாங்குவது?

மிக மலிவானதை வேண்டாம் என்பேன், மிக விலையுயர்ந்ததும் அவசியமில்லை. பெட்டியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பெட்டிகளையும் போலியாக அச்சிடுகிறார்கள். பாட் கையில் வந்ததும், உராயும் பகுதி இரும்புத் தகட்டோடு ஒட்டும் விளிம்பில் வெடிப்போ இடைவெளியோ இருக்கிறதா, நான்கும் ஒரே தடிப்பா, கலிப்பர்த் தாங்கியில் தட்டாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். அடித்து ஏற்ற வேண்டிய பாட் ஒருநாளும் திரும்பி வராது. எப்போதும் இடமும் வலமும் சேர்த்து மாற்றுங்கள்.

டிஸ்க்கில் மிகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று அதிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேல் நின்றால் கடையலாம், இல்லாவிட்டால் புதிது. சில்லு நட்களை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சம அளவில் இறுக்காததாலும் டிஸ்க் கோணலாகி மிதி நடுங்கும்.

வான் அதிகம் ஓடுவதே இல்லை. அப்படியும் பிரேக் போய்விட்டது. ஏன்?

ஓடாததால்தான். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்ற வான்களில் பல, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் முறை வந்து பெற்றோல் கிடைத்ததும் நேரே கராஜுக்கு வந்தன. பிஸ்டன்கள் இறுகியிருந்தன, லைனர் ட்ரம்மோடு ஒட்டியிருந்தது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது என்பதால், நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் வயதான வான்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும்போது மட்டும் எடுக்கும் வானாக இருந்தாலும், வாரத்தில் ஒருநாள் சில கிலோமீற்றர் ஓட்டிப் பிரேக் பிடியுங்கள். நீண்டநாள் நிறுத்தும்போது ஹான்ட் பிரேக்கை இழுக்காமல் சில்லுக்குக் கல் வையுங்கள்.

புதிய பாட் பூட்டிய பிறகு எப்படி ஓட்ட வேண்டும்?

முதலில் நின்ற இடத்திலேயே மிதி கெட்டியாகும் வரை பல தடவை அழுத்துங்கள். இதை மறந்து கராஜ் வாசலிலேயே மோதியவர்கள் உண்டு. பிறகு வெறுமையான வீதியில் 50இலிருந்து 15 வரை மிதமாகக் குறைப்பதை, இடையிடையே ஆறவிட்டு, இருபது தடவையளவில் செய்யுங்கள். முதல் 300 கிலோமீற்றருக்கு நிறைபாரமும் அடித்துப் பிடிப்பதும் வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சில்லைக் கழற்றிப் பார்க்க வேண்டும்?

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்விக்கும் புகைப் பரிசோதனை பிரேக்கைப் பார்ப்பதில்லை, ஆகவே அந்தச் சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். மாரி ஓய்ந்து காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் ஒருமுறை நான்கு சில்லுகளையும் கழற்றுங்கள். அடுத்தது ஆவணி, புரட்டாதியில், மழை தொடங்குமுன். ஒவ்வொரு முறையும் எட்டுப் பாட்களும், அல்லது நான்கு பாட்களும் நான்கு லைனர்களும், எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து, அன்றைய கிலோமீற்றரோடு சேர்த்து வான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது எந்த எண் மற்றவற்றைவிட வேகமாக இறங்கியிருக்கிறதோ, அந்தச் சில்லின் வழுக்குப் பின்னிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.